தாத்தா பாட்டி கல்யாண ஊர்வலப் படம்: இது எந்த வருடத்து கார்?

காவிரிக்கரை

வணக்கம். பழைய கார்களைப் பற்றித் தெரிந்தவர்கள் இங்கே நிறைய பேர் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டியின் கல்யாண ஊர்வலப் படம் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. கும்பகோணத்தில் எடுத்தது. தாத்தா இருக்கும் படம் என்று எங்களிடம் மிஞ்சியது இது ஒன்றுதான். அவர் 1968இலேயே போய்விட்டார், நான் பார்த்ததில்லை.

படத்தை இணைத்திருக்கிறேன், கண்ணாடிக்கு மேலே வைத்து போனில் எடுத்தது, சரியாகத் தெரியாது என்பதால் எழுதியும் விடுகிறேன். ஹூட் இல்லாத திறந்த கார். பானெட் முழுக்க மாலை. தாத்தா கோட்டும் தலைப்பாகையுமாகப் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார், பக்கத்தில் பாட்டி, தலையைக் குனிந்தபடி. ஸ்டீயரிங் இடது பக்கம். ஹெட்லைட் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை, மட்கார்டோடு சேர்ந்தே இருக்கிறது. நம்பர் பிளேட்டைப் பாதி மாலை மறைத்துவிட்டது, 18 என்பது மட்டும் தெரிகிறது. ஃபுட்போர்டில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன், அரை டிராயர், கையில் ஒரு துணி, நேராக கேமராவைப் பார்க்கிறான். அவன் யாரென்று வீட்டில் யாருக்கும் தெரியாது.

வீட்டில் சொல்லப்படும் கதை இது: கார் எங்கள் கொள்ளுத்தாத்தாவுடையது, அமெரிக்காவிலிருந்து நேராக வரவழைத்தது (ஸ்டீயரிங் இடது பக்கம் இருப்பதே அதற்குச் சாட்சி என்பார் பெரிய மாமா), பின்னால் அதை விற்றுத்தான் நிலம் வாங்கினார்கள். கல்யாணம் 1930இல், ஃப்ரேமுக்குப் பின்னால் பெரிய மாமா பால்பாயின்ட் பேனாவில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார். இப்போது அவரும் இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டு. இது என்ன கார்? படம் அழிந்துகொண்டே வருகிறது, ஓரமெல்லாம் பாதரசம் பூசியதுபோல் மினுங்குகிறது, ஒரு மூலை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது, இதை எப்படிக் காப்பாற்றுவது? அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது ஆகிறது. அவர் இருக்கும்போதே இதைச் சரிசெய்து கையில் கொடுத்துவிட வேண்டும் என்று ஆசை.

---

ராக்ஃபோர்ட்

பானெட்டின் நீளத்தைப் பார்த்தால் செவர்லே மாதிரி தெரிகிறது. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு ஓடிய திறந்த கார்கள் பெரும்பாலும் செவர்லேதான் என்று அப்பா சொல்வார். 1930 என்றால் பொருந்தும், ஜெனரல் மோட்டார்ஸ் 1928இலேயே பம்பாயில் செவர்லேக்களைப் பூட்ட ஆரம்பித்துவிட்டதே.

பாட்டி உட்கார்ந்திருக்கும் விதம் மனசில் நிற்கிறது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

---

பட்டறைக்காரர் மகன்

செவர்லே இல்லை. ஃபோர்டு வி8. 1930ஆக இருக்கவே முடியாது.

எதனால் சொல்கிறேன் என்றால் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஹெட்லைட் மட்கார்டோடு சேர்ந்திருக்கிறது என்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளக்கின் கண்ணாடி ஒரு சொட்டுத் தண்ணீர் வழிகிற மாதிரி மேலே கூர்மையாகவும் கீழே உருண்டையாகவும் மட்கார்டின் முகத்தில் பதிந்திருக்கிறது. ஃபோர்டில் 1936 வரைக்கும் விளக்கு தனிக் குடுவையாக மட்கார்டுக்கு மேலே நின்றது, 1937 மாடலில்தான் அதை உள்ளே புதைத்தார்கள். அதே 1937இல் செவர்லே எடுத்துக்கொண்டால் விளக்கு இன்னும் கிரில்லுக்குப் பக்கத்தில் தனியாகத்தான் நிற்கும். கிரில்லும் பாருங்கள், மாலைக்குக் கீழே தெரிகிற அளவுக்குப் படுக்கைக் கோடுகள், அது பக்கவாட்டில் பானெட் வரை ஓடுகிறது. 1937, இல்லையென்றால் 1938.

1930இல் ஃபோர்டு வி8 என்ற ஒன்றே கிடையாது, அந்த எஞ்சின் வந்தது 1932இல். 1930இல் ஃபோர்டு என்றால் மாடல் ஏ. பார்த்தாலே தெரியும், பெட்டிமேல் பெட்டி வைத்த மாதிரி நேர்க்கோடாக இருக்கும், விளக்கு இரண்டும் குறுக்குக் கம்பியில் தவளைக் கண் மாதிரி நிற்கும். உங்கள் படத்தில் இருப்பது எல்லாப் பக்கமும் உருண்டு வழிகிற உடம்பு. ஏழெட்டு வருடத்துக்குள் கார்கள் அவ்வளவு மாறின.

அப்புறம் அந்த ஸ்டீயரிங். அது எனக்கு இடிக்கிறது. நம் நாட்டுக்கு வந்த ஃபோர்டு கனடாவிலிருந்து வந்தது, வலப்பக்க ஸ்டீயரிங்கோடு. 1926இல் இங்கே ஆரம்பித்த ஃபோர்டு கம்பெனியே கனடா கம்பெனியின் கிளைதான். கும்பகோணத்தில் கல்யாண ஊர்வலத்துக்கு இடப்பக்க ஸ்டீயரிங் வண்டி வந்திருந்தால் அது பெரிய ஆச்சரியம். தாத்தா போட்டிருக்கிற கோட்டின் மேல்பாக்கெட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

---

காவிரிக்கரை

பார்த்தேன். பாக்கெட் தாத்தாவின் வலது மார்பில் இருக்கிறது. வாட்ச்கூட வலது கையில்தான் கட்டியிருக்கிறார். பாட்டியின் முந்தானையும் வலது தோளில். இத்தனை வருடமாக இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஒரு நாளும் கவனித்ததில்லை.

---

பட்டறைக்காரர் மகன்

அப்போது சரி, படம் திருப்பிப் பிரின்ட் ஆகியிருக்கிறது. கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறியிருக்கிறது. போனில் படத்தை இடவலமாகத் திருப்பிப் பாருங்கள், ஸ்டீயரிங் வலது பக்கம் வந்துவிடும், பாக்கெட்டும் வாட்சும் அதனதன் இடத்துக்குப் போய்விடும்.

நம்பர் பிளேட்டும் 18 இல்லை, 81. எட்டும் ஒன்றும் திருப்பினாலும் அப்படியே தெரிகிற எண்கள் என்பதால் இத்தனை வருடம் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பக்கத்தில் ஒரு 2 அல்லது 5 தெரிந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பீர்கள்.

---

ஆடுதுறை மீரா

ஒரு சின்ன எச்சரிக்கை. முந்தானை வலது தோளில் இருப்பதை மட்டும் வைத்துப் படம் திரும்பியிருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள். மடிசார் கட்டில் வலது தோளில் போடுகிறவர்கள் உண்டு, இடது தோளில் போடுகிறவர்களும் உண்டு. இந்தப் படத்தில் கோட்டும் வாட்சும் ஸ்டீயரிங்கும் சேர்ந்து சொல்வதால் சரி. வேறு யாராவது இதைப் படித்துவிட்டுத் தங்கள் வீட்டுப் பாட்டியைத் திருப்பிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

---

இருட்டறை

முப்பது வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான், டிஜிட்டல் வந்த பிறகு மூடிவிட்டேன். உங்கள் படத்தைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது.

படம் எப்படித் திரும்பியது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நெகட்டிவில் ஒரு பக்கம் மருந்து (படம் பதிகிற பூச்சு), இன்னொரு பக்கம் வெறும் கண்ணாடி அல்லது ஃபிலிம். மருந்துப் பக்கம் பேப்பரைத் தொடுகிற மாதிரி வைத்துத்தான் பிரின்ட் போட வேண்டும். அவசரத்தில் புரட்டி வைத்துவிட்டால் இடவலம் மாறிவிடும், அதோடு படம் லேசாக மங்கி விழும், ஏனென்றால் மருந்துக்கும் பேப்பருக்கும் நடுவே அந்தக் கண்ணாடியின் கனம் இருக்கிறது. உங்கள் படத்தில் முகங்கள் கொஞ்சம் சோப்பு நீரில் பார்க்கிற மாதிரி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். முகூர்த்த நாளில் பத்துக் கல்யாணத்தின் நெகட்டிவ் பிளேட்டுகள் ஒன்றாக வந்து குவியும், இருட்டறையில் சிவப்பு விளக்கு மட்டும்தான் எரியும், நானே செய்திருக்கிறேன்.

ஓரத்தில் பாதரசம் மாதிரி மினுங்குகிறது என்றீர்களே, அது வெள்ளி. பழைய கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது எல்லாம் பொடி வெள்ளிதான். வருடக்கணக்கில் ஈரமும் காற்றும் பட்டால் அது மேலே வந்து ஓரத்தில் இப்படிப் படியும். துடைக்காதீர்கள், துடைத்தால் படமே வந்துவிடும். அந்த மினுக்கம் இருப்பதால் இது சமீபத்தில் எடுத்த காப்பி இல்லை, பழைய பிரின்ட்தான் என்று நம்பலாம்.

கண்ணாடியில் ஒட்டிய மூலையைத் தயவுசெய்து பிய்க்காதீர்கள். தண்ணீர் தெளிக்கலாம், ஆவி காட்டலாம் என்றெல்லாம் யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். படத்தின் மேல்பூச்சு ஜெலட்டின், ஈரம் பட்டால் பசை மாதிரி ஆகிவிடும், பாட்டியின் முகம் கண்ணாடியோடு போய்விடும். ஃப்ரேமின் பின்பலகையை மட்டும் மெதுவாகக் கழற்றுங்கள், அந்த ஆணிகள் துருப்பிடித்திருக்கும், அவசரப்பட்டால் பேப்பரைக் கிழிக்கும். படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே எடுத்து, ஜன்னலுக்குப் பக்கத்தில் வெயில் நேராகப் படாத இடத்தில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் நேர் மேலிருந்து எடுங்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் போர்வையைக் கட்டிவிட்டால் கண்ணாடியில் உங்கள் உருவம் விழாது. ஸ்கேனர் கிடைத்தால் கண்ணாடியோடு அப்படியே கவிழ்த்து 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். ஒன்றுக்கு மூன்று இடத்தில் சேமித்து வையுங்கள்.

இன்னொன்று. இப்போது ஆளாளுக்கு ஏஐ ஆப்பில் போட்டுக் கலராக்கி, தெளிவாக்கி அனுப்புகிறார்கள். ஆசைக்கு ஒன்று செய்துகொள்ளுங்கள், ஆனால் அதை வைத்துக் காரின் நம்பரைப் படிக்காதீர்கள். தெரியாத இடத்தில் அது தானாக ஒன்றை வரைந்துவிடும். என் மைத்துனர் வீட்டுப் படத்தில் மாலைக்குப் பின்னால் மறைந்திருந்த இடத்தில் அழகாக நான்கு எண்களை எழுதிக் கொடுத்தது, அவர்கள் அதை நம்பி வண்டியைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். முகத்தையும் அப்படித்தான், உங்கள் பாட்டியின் முகத்தை எடுத்துவிட்டு யாரோ ஒரு பெண்ணின் முகத்தை வைக்கும், பத்து வருடம் கழித்து உங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் பாட்டி.

பின்னால் இருக்கிற 1930 பற்றி. பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருக்கிறது என்று நீங்களே சொல்கிறீர்கள். 1930இல் அந்தப் பேனா புழக்கத்தில் இல்லை. எழுதியது பல வருடம் கழித்து, நினைவிலிருந்து.

---

வடமராட்சியான்

நான் யாழ்ப்பாணப் பக்கம். காரை வைத்துப் படத்தின் வருடத்தைச் சொல்வதில் ஒரு விஷயத்தை மறந்துவிடாதீர்கள். கார் எப்போது செய்யப்பட்டது என்பது ‘அதற்கு முன்னர் இல்லை’ என்று மட்டுந்தான் சொல்லும். அதற்குப் பிறகு எத்தனை வருடம் என்று சொல்லாது.

எங்கள் அப்பப்பா வாங்கிய ஒஸ்ரின் ஏ40, ஐம்பதுகளில் வந்தது. அதற்கு முன்னால் நின்று தங்கச்சியின் சாமத்திய வீட்டுக்கு (பூப்புனித நீராட்டு விழாவுக்கு) எடுத்த படம் இருக்கிறது, எடுத்தது 1992இல். அப்போது பொருளாதாரத் தடை, பெற்றோல் இல்லை, கொஞ்சமாகப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் அவை. புகையும் மணமும் இப்போதும் மூக்கில் நிற்கிறது. படத்தில் இருக்கிற சீலையையும் தலையலங்காரத்தையும் மறைத்துவிட்டுக் காரை மட்டும் காட்டினால் யாரும் 1955 என்றுதான் சொல்வார்கள். தாத்தா வாங்கி, மகன் ஓட்டி, பேரன் திருத்திய கார்கள் எங்கள் ஊரில் எத்தனையோ.

எங்களுக்கு நம்பர் பிளேட் நன்றாக உதவும். 1957 ஜனவரியில் புது வாகனங்களுக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து வேண்டும் என்று கொண்டுவந்தார்கள், தமிழ்ப் பகுதிகளில் அதை எதிர்த்துத் தமிழில் ஸ்ரீ எழுதி ஓட்டினார்கள். 1958இலும் அது பெரிதாக வெடித்தது, தார் பூசி அழித்த காலம். எங்கள் சொந்தக்காரர் வீட்டில் ஒரு மொரிஸ் மைனர் படம், வடிவாகப் பார்த்தால் பிளேட்டில் தமிழ் ஸ்ரீ கையால் எழுதியிருப்பது தெரியும். எழுதியவரின் கை கொஞ்சம் சரிந்திருக்கிறது, கடைசிச் சுழி பிளேட்டுக்கு வெளியே போய்விட்டது. படத்தில் இருப்பவர்கள் பிள்ளையின் பிறந்தநாளுக்கு நின்றவர்கள், பிளேட்டை யாரும் நினைத்து எடுக்கவில்லை. ஆனால் இப்போது அந்த எழுத்துக்காகத்தான் நாங்கள் அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறோம்.

உங்கள் படத்துக்கும் அப்படி இன்னொரு அடையாளம் வேண்டும். கார் 1937க்கு முன் இல்லை, சரி. பிறகு எது?

---

பட்டறைக்காரர் மகன்

வடமராட்சியார் சொல்வது நூற்றுக்கு நூறு. எங்கள் அப்பா 1960களில்கூட யுத்தத்துக்கு முந்தைய வண்டிகளுக்கு வேலை பார்த்திருக்கிறார், கல்யாண வாடகைக்கு ஓடிய திறந்த வண்டிகளுக்குச் சாவே கிடையாது, எஞ்சின் போனாலும் வேறு எஞ்சின் மாட்டி ஓட்டுவார்கள்.

நம்பர் பிளேட்டில் எழுத்து தெரிந்திருந்தால் கொஞ்சம் உதவும். மதராஸ் காலத்தில் எம் என்று ஆரம்பிக்கும், 1969இல் தமிழ்நாடு என்று பெயர் மாறிய பிறகு வந்த புது வண்டிகளுக்கு டி, 1989க்குப் பிறகுதான் இப்போதைய டிஎன். உங்கள் படத்தில் மாலை அதையெல்லாம் மூடிவிட்டது.

ஆனால் யுத்த காலத்தைத் தள்ளிவிடலாம் என்று நினைக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் ரேஷன் ஆனபோது நிறைய வண்டிகளில் கரி வாயு உலையை மாட்டினார்கள், பின்னால் பெரிய டிரம் மாதிரி நிற்கும், மதுரை டிவிஎஸ்ஸே அந்த உலைகளைச் செய்து விற்றது. விமானத் தாக்குதல் பயத்தில் ஹெட்லைட்டில் பாதிக்குக் கறுப்பு அடித்திருப்பார்கள். உங்கள் காரில் இரண்டும் இல்லை, விளக்கு முழுசாகப் பளிச்சென்று இருக்கிறது. அதோடு மட்கார்டின் பாலிஷைப் பாருங்கள், பக்கத்தில் நிற்கிறவரின் வேட்டி அதில் பிரதிபலிக்கிறது. பத்து வருடம் ஓடிய வாடகை வண்டிக்கு அந்தப் பளபளப்பு வராது. என் மனசில் தோன்றுவது 1937இலிருந்து 1940க்குள். இது நிரூபணம் இல்லை, கையில் நிறைய வண்டி பார்த்த பழக்கத்தில் சொல்வது.

வீட்டில் பத்திரிகை, ஜாதகம், மொய் நோட்டு எதுவும் இல்லையா?

---

ஆடுதுறை மீரா

அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். பாட்டி கல்யாணத்தைப் பற்றிப் பேசும்போது ஆங்கில வருடம் சொல்லியிருக்க மாட்டார்கள், தமிழ் வருடப் பெயர்தான் சொல்லியிருப்பார்கள். அந்தப் பெயர் அம்மாவுக்கு நினைவிருக்கிறதா?

---

காவிரிக்கரை

கேட்டேன். அம்மா உடனே சொன்னார், “பிரமோதூத வருஷம் ஆனி மாசம்.” காரை என்னவென்று சொல்வார் பாட்டி என்றும் கேட்டேன், “பிளசர்” என்றாராம். “பிளசர்ல ஊர்வலம் வந்தோம், வெயில்ல சீட்டு சுட்டுது.”

பஞ்சாங்கத்தில் பார்த்தால் பிரமோதூத என்பது 1930-31. அதைத்தான் மாமா எழுதியிருக்கிறார். அப்படியானால் கார் தப்பா?

---

ஆடுதுறை மீரா

கார் தப்பில்லை. பாட்டி சொன்னது பிரமாதியாக இருக்கலாம்! பிரமாதி வருடம் 1939-40. பிரமோதூத, பிரமாதி, இரண்டும் காதுக்கு ஒன்றுபோல் விழும், அறுபது பெயரையும் வரிசையாகச் சொல்லிப் பழகாத பிள்ளைகள் மாற்றிப் பிடித்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு அத்தையின் பிறந்த வருடம் இப்படி மாறி, ஜாதகமே வேறாகிப் பெரிய குழப்பம் ஆனது.

பிரமாதி ஆனி என்றால் 1939 ஜூன், ஜூலை. யுத்தம் ஆரம்பிக்க இரண்டு மூன்று மாதம் முன்பு. பட்டறைக்காரர் மகன் சொன்னதோடு அப்படியே பொருந்துகிறது.

பாட்டிக்குக் கல்யாணத்தின்போது என்ன வயது, மூத்த பிள்ளை எப்போது பிறந்தார் என்று தெரியுமா? அதையும் சேர்த்துப் பாருங்கள்.

---

காவிரிக்கரை

இதை எழுதும்போது கை நடுங்குகிறது, கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய மாமா பிறந்தது 1942. அது பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கிறது, சந்தேகமில்லை. கல்யாணம் 1930 என்று வைத்திருந்ததால் எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பிய கதை ஒன்று உண்டு: பாட்டி பன்னிரண்டு வருடம் பிள்ளையில்லாமல் இருந்தார், மாமியார் வீட்டில் பேச்சு வாங்கினார், ராமேஸ்வரம் போய்வந்த பிறகுதான் மாமா பிறந்தார். பாட்டி ராமேஸ்வரம் போனது உண்மை, அங்கே வாங்கிய சங்கு இன்னமும் எங்கள் பூஜை அலமாரியில் இருக்கிறது. ஆனால் பாட்டி தன் வாயால் ‘பன்னிரண்டு வருஷம்’ என்று சொல்லி அம்மா கேட்டதே இல்லையாம். 1930இலிருந்து 1942 வரை கழித்துப் பார்த்து மாமாவோ வேறு யாரோ சொன்னதுதான், அது அப்படியே நின்றுவிட்டது. அம்மா கடைசிப் பெண், அவருக்கு எல்லாம் கேட்ட கதைதான்.

கல்யாணத்தில் பாட்டிக்குப் பதினைந்து வயது என்பது மட்டும் பாட்டியே சொன்னது. அதை வைத்துப் பார்த்தால் 1998இல் பாட்டி காலமானபோது எண்பத்து மூன்று என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். பேப்பரில் கொடுத்த விளம்பரத்திலும் அதுதான். 1939 என்றால் எழுபத்து நான்கு. இப்போது அம்மாவுக்கு இருக்கிற வயது.

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் “அதான் அவ்வளவு வேலை செஞ்சா” என்றார். பாட்டி கடைசி வருடம் வரை கிணற்றில் தண்ணீர் இழுப்பார், எண்பது வயதில் என்ன தெம்பு என்று ஊரே பேசும்.

இந்த வாரக் கடைசியில் ஊருக்குப் போகிறேன். மாமா வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருக்கிறது, கணக்கு நோட்டெல்லாம் அதில்தான் என்று மாமி சொன்னார்.

---

இருட்டறை

போகும்போது மெல்லிய பருத்தித் துணியும் பென்சிலும் எடுத்துப் போங்கள். நோட்டைப் புரட்டும்போது எச்சில் தொடாதீர்கள், பூச்சி அரித்த தாள்கள் ஒட்டியிருந்தால் பிரிக்காமல் அப்படியே படம் எடுங்கள்.

உங்களுக்கு விருப்பம் இருந்தால் இன்னொன்றும் சொல்கிறேன். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தில், பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோ படங்களை ஆயிரக்கணக்கில் டிஜிட்டலாக்கி இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ராஜா ராணி இல்லை, நம்மைப் போன்றவர்களின் குடும்பப் படங்கள். நான் ராத்திரி உட்கார்ந்து பின்னணித் திரைகளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். உங்கள் படத்தைச் சரியாகத் திருப்பி, வருடம் ஊர் எழுதி வைத்துக்கொண்டால், இந்த மாதிரி வேலை செய்கிறவர்களுக்கு நாளைக்குப் பயன்படும். வருடம் தெரிந்த ஒரு படம் வருடம் தெரியாத நூறு படத்துக்கு வழிகாட்டும்.

---

ராக்ஃபோர்ட்

செவர்லே என்று சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், விளக்கின் வித்தியாசத்தை இன்றுதான் தெரிந்துகொண்டேன். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் ஜி.டி. கார் அருங்காட்சியகம் இருக்கிறது, அடுத்த முறை போகும்போது ஒவ்வொரு வண்டியின் விளக்கையும் மட்கார்டையும் நின்று பார்க்கப் போகிறேன்.

எங்கள் வீட்டிலும் அப்பா சின்னப் பையனாக ஒரு காரில் உட்கார்ந்திருக்கிற படம் இருக்கிறது. நேற்று எடுத்துப் பார்த்தேன். டயருக்கு நிழல் இல்லை. பொருட்காட்சியில் பலகையில் வரைந்து ஓட்டை போட்டு வைத்திருப்பார்களே, அது. அப்பாவிடம் சொன்னேன், “தெரியுமே, நாலணா கொடுத்து எடுத்தது, தாத்தாவுக்கு அன்னைக்கு சம்பளம்” என்றார். அந்தச் சம்பளக் கதையை இதுவரை சொன்னதே இல்லை அவர்.

---

காவிரிக்கரை

போய் வந்துவிட்டேன்.

தகரப்பெட்டியில் மொய் நோட்டு இல்லை. கல்யாணச் செலவுக் கணக்கு இருந்தது, நீளமான பழுப்புத் தாள், நடுவில் தைத்தது, கொள்ளுத்தாத்தாவின் கையெழுத்து. மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே ‘பிரமாதி வருஷம் ஆனி மாதம்’. தேதி இருந்த இடத்தைப் பூச்சி தின்றுவிட்டது, வருடமும் மாதமும் தெளிவாக இருக்கிறது. மாமியும் நானும் டார்ச் அடித்து மூன்று முறை படித்தோம்.

அரிசி, பருப்பு, வாழைக்காய், நாதஸ்வரம், விறகு என்று வரிசையாகப் போகிறது. இரண்டாம் பக்கத்தில் கீழே இப்படி இருக்கிறது, எழுத்து மாறாமல் தருகிறேன்:

ஊர்வலம் மோட்டார் வாடகை 7-8-0
டிரைவர், கிளீனர் பையன் படி 1-0-0
ஷ பையனுக்கு வேஷ்டி 1

ஆக, கார் எங்களுடையது இல்லை. ஏழரை ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்தது. நிலம் எப்படி வாங்கினார்கள் என்பதை இனிமேல் வேறு காகிதங்களில்தான் தேட வேண்டும், பெட்டியில் இன்னும் நிறைய இருக்கிறது. அம்மாவுக்குக் கார் போனதில் ஒரு வருத்தமும் இல்லை. கடைசி வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார்.

‘ஷ’ என்பது ‘மேற்படி’ என்று மாமி சொன்னார். ஃபுட்போர்டில் நிற்கிற பையனின் கையில் இருக்கிறதே துணி, நான் கார் துடைக்கிற துணி என்று நினைத்திருந்தேன். 1200 டிபிஐயில் பெரிதாக்கிப் பார்த்தேன். மடிப்புக் கலையாத துணி அது, ஓரத்தில் கரை தெரிகிறது.

இருட்டறை ஐயா சொன்னபடி கண்ணாடியோடு ஸ்கேன் செய்து, இடவலம் திருப்பி, புது பிரின்ட் போட்டாயிற்று. பழையதைத் தொடாமல் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். புது பிரின்ட்டின் பின்னால் அம்மாவே பென்சிலில் எழுதினார்: பிரமாதி வருஷம் ஆனி, 1939, கும்பகோணம். ஃபோர்டு கார், வாடகை. பாட்டிக்கு வயது 15. ஃபுட்போர்டில் நிற்பது கிளீனர் பையன், கையில் புது வேஷ்டி.